கங்கல்: மேய்ப்பு நாயா, காவல் நாயா?

கங்கல் என்பது முதலில் ஓர் ஊரின் பெயர். துருக்கியின் சிவாஸ் மாகாணத்தில், கோடையில் வெயிலும் குளிர்காலத்தில் கடும் பனியும் வாட்டும் மேட்டுநிலத்தில் இருக்கிறது. அந்த வட்டாரத்து ஆட்டு மந்தைகளோடு வாழ்ந்த பெரிய நாய்க்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இரவைக் குறிக்கும் நம் 'கங்குல்' என்ற பழஞ்சொல்லோடு இதற்கு உறவு எதுவும் கிடையாது. ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். 'காங்கால்' என்று நீட்டி எழுதவும் வேண்டாம், துருக்கி உச்சரிப்புக்குக் 'கங்கல்' போதும்.

துருக்கியில் இதன் முழுப்பெயர் 'கங்கல் சோபன் கோபெயி'. கோபெக் என்றால் நாய், சோபன் என்றால் ஆடு மேய்ப்பவர். ஆங்கிலம் இதைக் 'கங்கல் ஷெப்பர்ட் டாக்' ஆக்கியது. அதைப் பார்த்துத் தமிழில் 'மேய்ப்பு நாய்' என்று எழுதுகிறார்கள். அது தவறான பொருளைத் தருகிறது.

மேய்ப்பு நாய் என்றால் பார்டர் கோலி போன்றது. ஆடுகளை வெறித்துப் பார்த்து, பதுங்கி, விரட்டி, மேய்ப்பர் சொல்லும் பக்கம் திருப்பும். கங்கல் ஆட்டை விரட்டாது. விரட்டினால் அது நல்ல கங்கல் இல்லை. மந்தையோடு நடக்கும், மேடான இடத்தில் படுத்துச் சுற்றிலும் பார்க்கும். ஓநாய் வாடை அடித்தால் குரைத்துக்கொண்டு ஓநாய்க்கும் ஆட்டுக்கும் நடுவே போய் நிற்கும். பெரும்பாலும் அதைக் கண்டே ஓநாய் விலகிவிடும். விலகாவிட்டால்தான் சண்டை. ஓநாய் கழுத்தைக் கவ்வும் என்பதால் மேய்ப்பர்கள் இதற்கு இரும்பு முள் பட்டை கட்டுகிறார்கள்.

'சோபன்' பாரசீகத்திலிருந்து துருக்கிக்குப் போன சொல். அதன் பழைய ஈரானிய வேரைப் பிரித்தால் 'கால்நடையைக் காப்பவன்' என்று வரும். முதல் பாதி, வடமொழி வழியாக நமக்கு வந்த 'பசு'வுக்கு உறவு. ஆக, வேரிலேயே காவல்தான் இருக்கிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'கிடை நாய்', 'பட்டி நாய்' இரண்டும் அழகானவை. ஆனால் கிடையும் பட்டியும் ஆடுகளை அடைத்து வைக்கும் இடங்கள். இந்த நாயோ பகலில் மேய்ச்சலுக்கும் கூடவே போகிறது. 'மந்தைக் காவல் நாய்' என்பதே பொருந்தும் என்பது என் முடிவு.

ஆண் நாய் 72 முதல் 78 செ.மீ. உயரம், 48 முதல் 60 கிலோ எடை. பெட்டை சற்றுச் சிறியது. வெளிர் மஞ்சள் பழுப்பு உடம்பு, கறுத்த முகம். 'கராபாஷ்', அதாவது கருந்தலை, என்ற பெயர் அதனால் வந்தது. 'அனத்தோலிய மேய்ப்பு நாய்' என்ற தலைப்பில் இருந்த இனத்தை 2018இல் எஃப்சிஐ என்ற உலக நாய் இனக் கூட்டமைப்பு கங்கல் என்று பெயர் மாற்றிப் பதிந்தது. நமீபியாவில் 1994 முதல் இவ்வகை நாய்களை ஆட்டுப் பண்ணைகளுக்குக் கொடுத்து வருகிறார்கள். ஆடு பிழைத்தால் சிவிங்கிப்புலியைச் சுட வேண்டிய தேவை விவசாயிக்கு இல்லை.

பெயரின் பொருள் புரிந்தால் வளர்ப்பும் புரியும். சொன்னதைச் செய்யும் நாயை எதிர்பார்த்து இதை வாங்காதீர்கள். தானே முடிவெடுக்கப் பழக்கப்பட்ட பிராணி இது. குட்டியிலேயே ஆடுகளோடு விட வேண்டும். வீட்டுக்கு என்றால் அந்தச் சிறு வயதிலேயே மனிதர்களோடும் மற்ற நாய்களோடும் பழக்க வேண்டும். உயரமான வேலியும் அகன்ற இடமும் அவசியம். இரவெல்லாம் குரைக்கும் என்பதால் அடுக்குமாடிக்கு ஆகவே ஆகாது. ரோமம் இரண்டு அடுக்கு. வெயில் என்று மழித்துவிடாதீர்கள், அதுவே வெயிலையும் தடுக்கிறது. வாரி விட்டால் போதும், ரோமம் கொட்டும் பருவத்தில் அடிக்கடி. குட்டியைக் கொழுக்க வைத்தால் இடுப்பு மூட்டு கெடும், மெதுவாக வளரட்டும். அப்புறம், வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து பெரிய நாய்களுக்கு உண்டு. உணவை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், தின்றவுடன் ஓடவிடாதீர்கள். வயிறு வீங்கி, வாந்தி வராமல் குமட்டினால் அந்த நிமிடமே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.