பதிப்புரிமை: ஓவியம் சேலையாகும்போது

தன் ஓவியத்தை யாரோ துணியில் அச்சடித்து விற்கிறார்கள் என்று ஒரு கொழும்பு ஓவியர் முறையிட்டால், கேட்பவர் வாயில் முதலில் வருவது, "அதைப் பதிவு செய்து வைத்திருந்தீர்களா?" என்ற கேள்விதான். நண்பர் கேட்பார், உறவினர் கேட்பார், துணியை விற்ற கடைக்காரரும் கேட்பார். இலங்கைச் சட்டத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. ஒரு படைப்பு உருவானது என்ற ஒரே காரணத்தாலேயே அதற்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பதிவு வேண்டாம், கட்டணம் வேண்டாம், மூலையில் வட்டமிட்ட எழுத்தும் வேண்டாம். பிறகு ஏன் எல்லோரும் பதிவைத் தேடுகிறார்கள்? பாதிப் பழியை நம் சொல்லின் மேல் போடலாம்.

கொப்பிரைட் என்பதற்கு நம்மிடம் நிலைத்துவிட்ட சொல் பதிப்புரிமை. பதிப்பு, பதிவு இரண்டுக்கும் தாய் 'பதி' என்ற வினை. ஈரமண்ணில் காலடி பதிகிறது. மோதிரத்தில் கல்லைப் பதிக்கிறார்கள். ஒன்று இன்னொன்றில் அழுந்தி இறங்கித் தன் உருவை அங்கே விட்டுவைப்பதே பதிதல். ஈய எழுத்து தாளில் அழுந்திய காலத்தில் இந்த வினை அச்சுக்கூடத்துக்குள் நுழைந்தது. ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். அந்த நூற்றாண்டு நூல்களின் முகப்புத் தாளில் 'அச்சிற் பதிப்பிக்கப்பட்டது' என்ற தொடர் அடிக்கடி வரும். அந்த வழியே வந்ததால் பதிப்பு என்றாலே நமக்குப் புத்தகம்தான் நினைவுக்கு வருகிறது. பதிவோ கச்சேரிப் பக்கம் போய்ப் பிறப்பு, விவாகம், காணி என்று பதிவேடுகளில் குடியேறிவிட்டது. ஆகவே 'பதிப்புரிமை' என்றதும் ஒருவருக்குப் புத்தகம் தோன்றுகிறது, இன்னொருவருக்குப் பதிவேடு தோன்றுகிறது. சேலையில் ஏறிய ஓவியம் இரண்டிலும் அடங்காததால் தனக்கு உரிமையே இல்லை என்று ஓவியர் எண்ணிக்கொள்கிறார்.

இன்னொரு குழப்பம் கடல் தாண்டி வருவது. தமிழகப் பத்திரிகைகள் பல, கொப்பிரைட்டைக் காப்புரிமை என்று எழுதுகின்றன. அங்கேயே, புதுக் கண்டுபிடிப்புக்கு அரசு தரும் தனியுரிமைக்கும் அதே பெயர்தான். நாம் இரண்டாவதை ஆக்கவுரிமை என்று தனியாக வைத்திருக்கிறோம். அது விண்ணப்பித்து, பரிசீலனைக்கு உட்பட்டு, அரசிடமிருந்து பெறவேண்டிய உரிமை. காப்பிரைட், காப்புரிமை என்ற ஒலி ஒற்றுமையில் யாரோ மயங்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். எப்படியானாலும் கொழும்பில் இருந்துகொண்டு தமிழகச் செய்தியைப் படிக்கிறவர், ஓவியத்துக்கும் விண்ணப்பம் போட வேண்டும் என்று முடிவுகட்ட இது போதும். காப்புரிமையை ஓவியத்துக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

ஆங்கிலச் சொல்லின் வரலாறும் அவ்வளவு நேரானதில்லை. 'கொப்பி' என்பதன் மூலம் இலத்தீனில் நிறைவு, மிகுதி என்று பொருள்படும் 'கோப்பியா'. இடைக்காலத்தில் அது எழுதியெடுத்த படியைக் குறிக்கலாயிற்று. அச்சகத்தாரும் புத்தக வணிகரும் சேர்ந்த இலண்டன் வணிகச் சங்கத்தாரிடமோ, அச்சேற்ற வைத்திருக்கும் மூலக் கையெழுத்துப் படிக்கே அந்தப் பெயர். அதை அச்சடிக்கும் உரிமை தங்களில் ஒருவருக்கே உரியது என்று அவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடுதான் பிற்காலச் சட்டத்துக்கு விதை. ஆக்கியவர் அந்த ஏற்பாட்டில் ஒரு பொருட்டே அல்லர். 1710இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியாரின் சட்டம்தான் எழுதியவருக்கு முதன்முதலாக 14 ஆண்டு உரிமையைத் தந்தது. உயிரோடிருந்தால் இன்னுமொரு 14 ஆண்டு. நம் நாட்டில் இந்தச் சொல் பள்ளிக்கூடத்துக்குள் போய் அப்பியாசக் கொப்பி ஆகி, பரீட்சை மண்டபத்தில் கொப்பியடித்தலும் ஆகிவிட்டது. அதனால் 'கொப்பிரைட்' என்று சொன்னால் நம்மவர்களுக்கு உரிமையைவிடக் குற்றமே முதலில் தோன்றுகிறது.

துணியின் கதை இங்கேதான் சுவையாகிறது. புத்தகத்துக்குச் சட்டம் வந்து முக்கால் நூற்றாண்டு கழித்து, 1787இல், பிரித்தானிய நாடாளுமன்றம் துணி அச்சுக்கென்று தனியாக ஒரு சட்டம் இயற்றியது. லினன், பருத்தி, கலிக்கோ, மஸ்லின் ஆகியவற்றில் புது வடிவத்தை வரைந்து அச்சிட்டவருக்கு, அது வெளிவந்த நாளிலிருந்து 2 மாதம் தனியுரிமை. 1794இல் அது 3 மாதமாயிற்று. இரண்டு மாதம் என்று சிரிக்க வேண்டாம், ஒரு பருவத்து மோஸ்தர் ஓடி முடிய அது போதும் என்று வணிகர்கள் கணக்குப் போட்டிருப்பார்கள். சட்டத்தின் பெயரில் வரும் 'கலிக்கோ' கள்ளிக்கோட்டையின் பெயர். சோழமண்டலக் கரையிலிருந்து போன, கையால் வரைந்த துணிகளை, நாம் சீத்தை என்று சொல்வதன் மூதாதையரை, ஐரோப்பிய அச்சாளர்கள் பார்த்துப் பார்த்துப் பகர்த்தே, அதாவது அப்படியே நகலெடுத்தே, தொழில் கற்றார்கள். இந்தியத் துணி உள்ளே வராதபடி இடையில் பிரித்தானியா தடைச் சட்டங்களும் போட்டது. பகர்த்துக் கற்றவர்கள் கடைசியில் தங்கள் வடிவத்தை யாரும் பகர்க்கக் கூடாது என்று நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். கரையில் தூரிகை பிடித்தவர்களுக்கு எவரும் 2 நாள்கூடத் தரவில்லை.

ஆகவே பதிப்புரிமை என்ற சொல்லைத் தூக்கி எறிய நான் தயாரில்லை. மர அச்சு துணியில் அழுந்துவதும் ஈய எழுத்து தாளில் அழுந்துவதும் ஒரே வினை. பதித்தல் என்பதன் பழைய பொருளைக் காதில் வாங்கினால் சேலைக்கும் அது பொருந்துகிறது. பதிப்பைப் புத்தகத்தோடு கட்டிப்போட்டது நம் பழக்கம்தான்.

இன்றைய பதிப்பு எப்படி நடக்கிறது என்பதைப் புறக்கோட்டைக் கடையொன்றில் கண்டேன். பொலியெஸ்டர் துணி. தாமரை இலைகளுக்கு நடுவே ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம், திரும்பத் திரும்ப. நன்றாகத்தான் இருந்தது. விரித்துப் பார்த்தபோது ஒவ்வொரு முகத்தின் கீழேயும் இலை நரம்பு போல ஒரு கோடு சுழித்துக்கொண்டு போனது. கண்ணுக்கருகே கொண்டுவந்தால் அது ஒரு கையொப்பம். ஓவியத்தைப் படம் பிடித்து, கணினியில் அடுக்கி, டிஜிட்டல் அச்சுக்கு அனுப்பியவர் அதை அழிக்கக்கூட மெனக்கெடவில்லை. துணியின் கரையில் கையொப்பம் பாதியாக வெட்டுப்பட்டிருந்தது. "எங்களுக்கு வடிவம் வெளியிலிருந்து வருகிறது ஐயா, நாங்கள் விற்கிறோம், அவ்வளவுதான்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம், ஆனால் சட்டத்தின் முன் அது பதிலாகாது. படியெடுப்பது மட்டுமன்றி, படிகளைப் பொதுமக்களுக்கு விற்று விநியோகிப்பதும் ஆக்கியவரின் பொருளாதார உரிமைகளில் ஒன்று.

வடிவமைப்பாளர்கள் கடைக்காரர்களைவிட நயமாகப் பேசுவார்கள். "நகல் எடுக்கவில்லை, அதிலிருந்து உந்துதல் பெற்றேன்" என்பார்கள். இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. ஈழத்து வழக்கில் பகர்ப்பு என்ற சொல் உண்டு: பார்த்து அப்படியே எடுத்தது. அடுத்தது தழுவல்: மூலத்தின் உடலை வைத்துக்கொண்டு உடையை மாற்றுவது. உந்துதல் மூன்றாவது. தொல்காப்பியம் மரபியலில் முதல்நூல், வழிநூல் என்று பிரித்து, தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்று வழிநூலுக்கு வகை சொன்ன மொழி இது. எது எதிலிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்லும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. ஆனால் பலர் தப்புக்கணக்குப் போடும் இடம் தழுவல்தான். நிறத்தை மாற்றினேன், முகத்தைத் திருப்பினேன், ஆகவே இது என்னுடையது என்பது செல்லாது. தழுவி மாற்றுவதற்கும் ஆக்கியவரின் அனுமதி வேண்டும். சட்டம் கட்டுப்படுத்தாமல் விடுவது எண்ணத்தையும் பாணியையும்தான். ஒருவரைப் போலத் தடித்த கருங்கோட்டில் வரையலாம், ஆனால் அவர் வரைந்த அந்தப் பெண்ணை எடுக்கக் கூடாது.

உலகம் அறிந்த எடுத்துக்காட்டு 1965இல் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் இவ் செயின்ட் லோரன் வெளியிட்ட மொண்ட்ரியன் கவுன்கள். டச்சு ஓவியர் மொண்ட்ரியன் 1944இலேயே இறந்துவிட்டார். வெள்ளைப் பரப்பில் கருங்கோடுகளும் சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்களும் கொண்ட அவர் ஓவிய மொழியைக் கம்பளிப் பின்னல் துணிக்குக் கொண்டுவந்தார் லோரன். அச்சடிக்கவில்லை. ஒவ்வொரு நிறத்தையும் தனித் துண்டாக வெட்டி, உடலின் வளைவைத் தையலுக்குள் ஒளித்து, தட்டையாகத் தெரியும்படி தைத்தார்கள். அந்தக் கைவேலையைப் பார்ப்பவருக்கு அதை வெறும் பகர்ப்பு என்று தள்ள மனம் வராது. ஆனால் புகழ் யாருக்குப் போயிற்று என்று பார்த்தால் ஓவியர்களின் எரிச்சலும் விளங்கும். கொஞ்ச நாளில் லோரனின் கவுனையே பகர்த்த மலிவு உடைகள் கடைகளை நிறைத்தன.

அண்மைக் காலத்தில் ஓவியர் பக்கம் வாய் திறக்கிறது. டெட்ரோயிட் சுவரில் தான் வரைந்ததை மொஸ்கினோ ஆடை நிறுவனம் கவுனாக்கிவிட்டது என்று ரைம் என்ற சுவரோவியர் 2015இல் வழக்குப் போட்டார். வழக்கு இணக்கத்தில் முடிந்தது. 2023இல் கைப்பை விளம்பரங்களின் பின்னணியில் ஜோன் மிட்செலின் ஓவியங்கள் அனுமதியின்றி இடம்பெற்றதாக அவரது அறக்கட்டளை லூயி வுய்ட்டோன் நிறுவனத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. துணியில் ஏறாமல் பின்னால் தொங்கினாலும் அது பயன்பாடுதான் என்பது அவர்கள் வாதம்.

நம் சட்டத்தில் கால அளவைப் பொறுத்தவரை ஒரு விநோதம் இருக்கிறது. கன்வஸில் வரைந்த ஓவியத்துக்கு ஆக்கியவரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டும். பயன்பொருளோடு சேர்ந்த கலைவேலை, அதாவது பிரயோகக் கலை என்றால், செய்த நாளிலிருந்து 25 ஆண்டுதான். அதையே கைத்தொழில் வடிவமைப்பாகக் கொண்டுபோனால் 5 ஆண்டு, இரண்டு முறை புதுப்பித்து 15. கடைசி வகைக்கு மட்டும் பதிவு வேண்டும், 'பதிவு செய்தீர்களா?' என்ற கேள்வி பொருந்துவதும் அங்கே மட்டும்தான். அப்படியானால் சுவரில் தொங்கவென்றே மெழுகிட்டுச் சாயம் தோய்த்து எடுத்த பற்றிக் எந்த வகை? அதையே இடுப்பில் சுற்றிக்கொண்டால்? ஈனா டி சில்வா போன்றவர்கள் பற்றிக்கைக் கொடிகளாகவும் விதானங்களாகவும் கட்டடக் கலைக்குள் கொண்டுபோன நாட்டில் இந்தக் கோடு தெளிவாக இருந்திருக்க வேண்டும். ஒரே கை, ஒரே மெழுகு, ஆனால் ஒன்றுக்கு மூன்று தலைமுறை, இன்னொன்றுக்குக் கால் நூற்றாண்டு என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பொரளை கோதமி விகாரையில் 1939–40இல் ஜோர்ஜ் கீட் தீட்டிய சுவரோவியங்களை எடுத்துக்கொள்வோம். யாரும் போய்ப் பார்க்கலாம், ஆகவே பொதுச்சொத்து என்று பலர் நினைக்கிறார்கள். கீட் இறந்தது 1993இல். 70 ஆண்டுக் கணக்குப்படி 2063 முடியும்வரை அந்தக் கோடுகளுக்கு உரிமை உண்டு. சுவர் விகாரைக்குச் சொந்தம் என்பதால் சுவரில் உள்ள படைப்பின் உரிமையும் தானாகச் சேர்ந்துவிடாது. ஆக்கியவர் பெயர் தெரியாத அன்னப்பட்சியும் கொடிக்கோலமும் வேறு வகை. அவற்றுக்கு ஆயுள் கணக்கு இல்லை, ஆனால் நாட்டார் வெளிப்பாடுகளை வணிகத்துக்கு எடுப்பதையும் அதே சட்டம் கட்டுப்படுத்துகிறது என்பதைப் பல வடிவமைப்பாளர்கள் அறியமாட்டார்கள்.

பதிப்புரிமை என்ற சொல் தோற்கும் இடம் ஒன்று உண்டு. சட்டம் ஆக்கியவருக்குத் தார்மிக உரிமையும் தருகிறது: பெயர் குறிக்கப்படும் உரிமை, மதிப்புக்குப் பங்கம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமை. கரையில் பாதியாக வெட்டுப்பட்ட அந்தக் கையொப்பத்தின் குறை இங்கேதான் சேரும், பதித்தல் என்ற வினைக்குள் அது அடங்காது. பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் இதற்கு வைத்திருக்கும் சொற்கள் ஆக்கியவரின் உரிமை என்றே பொருள் தருகின்றன, படியைப் பற்றிய பேச்சே அவற்றில் இல்லை. அந்த வழியில் முழு உரிமைக்கும் படைப்பாளர் உரிமை என்றும், அதில் படியெடுத்தல், அச்சிடல், விற்றல் சார்ந்த பகுதிக்குப் பதிப்புரிமை என்றும் வைத்துக்கொண்டால் தமிழில் தெளிவாகப் பேச முடியும். செய்த குற்றத்தைச் சொல்லப் பகர்ப்பு என்ற சொல்லே போதும், 'திருட்டு' என்று ஆரம்பித்தால் மறுபக்கம் காதை மூடிக்கொள்ளும்.

எழுத்துவேலை ஒன்று மிச்சம். 1993 முதல் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் கூடும் கலாபொல என்ற திறந்தவெளி ஓவியச் சந்தையில் ஓவியம் வாங்குபவர் வாங்குவது கன்வஸை மட்டும். அதைச் சேலையாக்கும் உரிமை வேண்டுமானால் கையொப்பத்துடன் எழுத்தில் தனியே பெற வேண்டும், வாய்ப்பேச்சில் வராது. ஓவியர்கள் பற்றுச்சீட்டில் ஒரு வரி சேர்த்துவிடலாம்: 'இவ்விற்பனை ஓவியத்துக்கு மட்டும், பதிப்புரிமை ஓவியரிடமே உள்ளது.' தமிழிலேயே எழுதலாம்.