தார்ச்சாலையின் அடியில் தண்ணீர் செய்யும் வேலை

மழைக்காலத்தில் தார்ச்சாலையில் குழி விழுந்தால் லாரிகளின் பாரத்தையே முதலில் குறை சொல்கிறோம். பாரத்துக்குப் பங்குண்டுதான், ஆனால் ஜல்லிகளின் இடுக்கில் தண்ணீர் தேங்கிய பிறகே அது சாலையை உடைக்கிறது. வெடிப்பின் வழியே இறங்கிய மழைநீர், மேலே பேருந்துச் சக்கரம் ஏறும்போது சுருங்க இயலாமல் அழுத்தம் மிகுந்து, அடித்தளத்து நுண்மண்ணைக் கரைத்துக்கொண்டு அதே வெடிப்பின் வழியாக வெளியே பீச்சியடிக்கிறது. மழை விட்ட மறுநாள் வெடிப்பின் இரு ஓரங்களிலும் சேறு வெளிறிய கோடாகக் காய்ந்திருந்தால், குழி கண்ணில் படாவிட்டாலும் உள்ளே பொந்து விழத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஆகவே திருநெல்வேலியின் தச்சநல்லூரானாலும் மேலப்பாளையமானாலும், மாநகராட்சிப் பொறியாளரின் சாலை ஆய்வில் பெரும்பகுதி தண்ணீரின் போக்கைப் பார்ப்பதுதான். சாலையின் நடுப்பகுதியிலிருந்து ஓரத்தை நோக்கி மீட்டருக்கு 2 முதல் 2.5 செ.மீ. வரை சரிவு இருக்க வேண்டும். அந்தச் சரிவு மழுங்கிய இடம், முதலைத்தோல் போல வெடிப்புகள் பின்னிக்கிடக்கும் இடம், குடிநீர்க் குழாய்க்கோ பாதாளச் சாக்கடைக்கோ தோண்டி மூடிய தடம் ஆகியவற்றை அவர் குறித்துக்கொள்ள வேண்டும். இவற்றுள் தோண்டிய தடமே மோசமானது என்பேன். மண்ணை அடுக்கடுக்காக இடித்து இறுக்காமல் மேலே மட்டும் தார் பூசினால், முதல் மழையிலேயே அது வாய்க்காலாகிவிடும். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் இன்னொரு தொல்லையும் உண்டு: நனைந்தால் உப்பி, கோடையில் சுருங்கிப் பிளக்கும் அந்த மண் சாலையோரத்தை ஒட்டி நீளவாக்கில் வெடிப்பை உண்டாக்குகிறது.

தென் மாவட்டங்களில் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை போன்ற வெள்ளத்துக்குப் பின், மேற்பரப்பு பழுதின்றித் தோன்றினாலும் அடித்தளம் வலுவிழந்திருக்கலாம். முக்கியமான சாலைகளில் இதை அறிய, 8.17 டன் அச்சுப் பாரமுள்ள லாரியை நிறுத்தி, அது நகர்ந்ததும் அமுங்கிய தளம் எவ்வளவு மீள்கிறது என்பதை மில்லிமீட்டரின் சிறு பின்னங்களில் அளக்கும் பெங்கல்மேன் கருவி உதவுகிறது.

ஈரக்கல்லில் தார் ஒட்டாது. அதனால்தான் அடைமழையின் நடுவே கொட்டிய பேட்ச் ஒர்க் சில நாளில் பெயர்ந்துவிடுகிறது. முறைப்படி செய்வதானால் குழியைச் சதுரமாக, செங்குத்தான ஓரங்களோடு வெட்டி, தளர்ந்த ஜல்லியை அள்ளி, உலரவிட்டு, தார்க்குழம்பு தெளித்த பிறகே சூடான கலவையை நிரப்பி ரோலரால் இறுக்க வேண்டும்.

நடைபாதையிலும் எதிரி தண்ணீரே. சிமெண்ட் பிளாக்குகள் மணல் படுகையின் மீது அமர்ந்திருப்பவை. ஓரக்கல் பெயர்ந்தால் மணல் அரித்துப் பக்கத்து வடிகாலுக்குப் போய்விடும். எனவே அமுங்கிய பிளாக்கைத் தூக்கி மணல் நிரப்புவதற்கு முன் ஓரக்கல்லைச் சரிசெய்தாக வேண்டும்.