எம்.ஓ.பி மூட்டையும் பலாங்கொடைக் கறுப்புக் கல்லும்

தோட்டத்து உர ஸ்டோருக்குள் கதிரியக்கம் அளக்கும் ஒரு கைகர் கருவியைக் கொண்டுபோனால், யூரியா மூட்டைக்கு அதன் வேகம் கூடாது. இளஞ்சிவப்பு எம்.ஓ.பி (மியூரியேட் ஒஃப் பொட்டாஷ்) மூட்டையோடு ஒட்டி வைத்ததும் டிக் டிக்கென்று வேகம் பிடிக்கும். கலப்படம் ஏதும் இல்லை. எம்.ஓ.பி நிலத்தடியிலிருந்து எடுத்த பொட்டாசியம் உப்பு. பொட்டாசியம் எங்கிருந்தாலும் அதில் சுமார் பத்தாயிரம் அணுவுக்கு ஒன்று பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை. அது சிதைந்து பாதியாக எடுக்கும் அரைவாழ்வுக் காலம் சுமார் 125 கோடி வருடம் என்பதால், பூமி பிறந்தபோது இருந்த கையிருப்பு இன்னும் முடியவில்லை.

50 கிலோ மூட்டையில் பாதி பொட்டாசியம். அதில் செக்கனுக்கு ஏழரை லட்சத்துக்கும் மேல் அணுக்கள் சிதைகின்றன; செக்கனுக்கு ஒரு சிதைவு ஒரு பெக்கரெல் என்பதால், அத்தனை பெக்கரெல். கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் பத்தில் ஒன்பது சிதைவு பீட்டாத் துகளை விடுகிறது. அது உப்புக்குள் சில மில்லிமீற்றர்தான் போகும். மூட்டையின் ஓரத்தில் பிறந்தது மட்டுமே வெளியே வரும். மிச்சம் காமாக் கதிர். அது துளைத்துக்கொண்டு வரும், ஆனால் நாலு எட்டு தள்ளி நின்றாலே வெகுவாகக் குறைந்துவிடும். மூட்டை சுமப்பவரின் உடம்பிலும் சோறு, கிழங்கு, பருப்பு வழியாகச் சேர்ந்த பொட்டாசியம்-40 சுமார் 4,000 பெக்கரெல் இருக்கிறது. கூடுதலாக உள்ளே போனால் சிறுநீரகம் வெளியேற்றிவிடும்.

சர்வதேச அணுசக்தி முகவரகம் பொட்டாசியம்-40க்கு கிராமுக்கு 10 பெக்கரெல் என்று ஒரு அளவு வைத்திருக்கிறது. எம்.ஓ.பி அதைத் தாண்டி 15, 16இல் நிற்கும். அது ஆபத்துக் கோடு அல்ல. யாருக்கு எவ்வளவு படுகிறது என்று கணக்குப் பார்க்கச் சொல்லும் கோடு. யுரேனியத்துக்கும் தோரியத்துக்கும் அதே கோடு 1இல் நிற்கிறது.

ஏன் அந்தக் கண்டிப்பு? இலங்கையின் பலாங்கொடைப் பக்கத்து மாணிக்கச் சரளையில் கிடைக்கும் தோரியனைட்டைப் பாருங்கள். சிறிய, கறுத்த, கனமான சதுரக் கல். கனிம ஆய்வுப் பணியில் இருந்த ஆனந்த குமாரசுவாமியின் முயற்சியால் 1904இல் உலகறிந்தது. பெரும்பகுதி தோரியம், கொஞ்சம் யுரேனியம். தோரியம் ஈயமாகி முடியும்வரை 6 ஆல்பாத் துகள்கள் புறப்படும். தோலை அவை தாண்டா. சிக்கல் தூளிலும் வாயுவிலும்தான். இடையில் பிறக்கும் தோரன் என்ற கதிரியக்க வாயு ஒரு நிமிடத்துக்குள் பாதியாகி, திண்மமான எச்சங்களாக மாறும். மூச்சோடு போனால் அவை நுரையீரலில் ஒட்டிக்கொண்டு, உள்ளிருந்தே ஆல்பா விடும். பொட்டாசியத்தைப்போல இவற்றை உடம்பு எளிதில் கழித்துவிடாது.

ஆகவே இந்தக் கல்லைக் காயவைத்து இடிக்கவோ, படுக்கையறை அலுமாரியில் பூட்டி வைக்கவோ கூடாது. அரைத்தே ஆகவேண்டுமென்றால் தண்ணீர் விட்டு, காற்றோட்டமான இடத்தில்.