யூஎக்ஸ்: பயனர் அனுபவமா, பயனர் படும் பாடா?

சேலம் சிவதாபுரத்தில் ஒரு கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு ஆப் செய்து கொடுத்தேன். வெள்ளியை எடை போட்டு வாங்கிப்போய், வீட்டில் வேலை செய்து கொண்டுவரும் அக்காக்களே அதில் வரவைப் பதிய வேண்டும். முதல் நாள் ஒரு அக்கா மூன்று ஜோடி கொண்டுவந்தார். 'எண்ணிக்கை' என்ற கட்டத்தில் 3 என்று போட்டார். நான் 6 வரும் என்று எழுதி வைத்திருந்தேன். பாதிச் சரக்கு வரவில்லை என்று திரை சிவந்தது. அக்காவுக்கு முகமே மாறிவிட்டது.

"கொலுச யாருங்க தம்பி ஒத்தையா எண்ணுவாங்க?"

அதைச் சரிசெய்து கொடுத்தால், அடுத்து 'சமர்ப்பி' என்ற பொத்தான். படித்தார், விரலை வைக்கவில்லை. சமர்ப்பிப்பது அவருக்குக் கோயிலில் செய்கிற காரியம். கூலிக் கணக்கில் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை?

இந்த இரண்டு இடறலும் அடங்கும் துறைக்குத்தான் யூஎக்ஸ் என்று பெயர். விரித்தால் யூசர் எக்ஸ்பீரியன்ஸ்.

எக்ஸ்பீரியன்ஸ் லத்தீனிலிருந்து வந்தது. முயன்று பார்த்தல் என்பது அதன் வேர்ப்பொருள். எக்ஸ்பெரிமென்ட், எக்ஸ்பர்ட் இரண்டும் அதே வேரில் கிளைத்தவை. கணினித் துறையில் இந்தத் தொடரைப் பரவச் செய்தவர் டான் நார்மன். 1993-இல் ஆப்பிளில் சேர்ந்த இந்த அறிதிறன் அறிஞர், தம் பதவிப் பெயரிலேயே அதை வைத்துக்கொண்டார். இடைமுகம் (இன்டர்ஃபேஸ், ஆளும் கருவியும் சந்திக்கிற திரை, பொத்தான் போன்றவை) என்ற சொல் அவருக்குக் குறுகலாகப் பட்டது. பொருளின் உருவம், திரை, கையேடு என்று ஒருவர் தொடுகிற எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல ஒரு பெயர் வேண்டியிருந்தது.

2010-இல் வந்த ஐஎஸ்ஓ 9241-210 என்ற பன்னாட்டுத் தரநிலை இன்னும் ஒரு படி போகிறது. ஒன்றைப் பயன்படுத்தும்போது எழும் உணர்வுகளோடு, பயன்படுத்தப்போகிறோம் என்று நினைக்கும்போதே எழுபவற்றையும் கணக்கில் சேர்க்கிறது. அந்த அக்கா போனைக் கையில் வாங்கும் முன்பே, "தப்பா அமுக்கிட்டா கூலி போயிருமா?" என்று கேட்டார். யூஎக்ஸ் அந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிட்டது. நான்தான் பொத்தான் நிறத்தில் கிடந்தேன்.

தமிழுக்கு வருவோம். யூசர் என்பதற்குப் பயனர் சரியான சொல். பயனாளி என்று எழுதக் கூடாது. அது அரசுத் திட்டத்தில் உதவி பெறுபவரைக் குறித்து நிலைத்துவிட்டது. அனுபவம் வடமொழிச் சொல். நம் பேச்சில் அதற்கு இரண்டு பொருள். 'இருபது வருச அனுபவம்' என்றால் சேர்த்து வைத்த தேர்ச்சி. 'கசப்பான அனுபவம்' என்றால் நமக்கு நேர்ந்தது. யூஎக்ஸ் பேசுவது இந்த இரண்டாவதை. முதல் பொருளில் எடுத்துக்கொண்டு, 'அனுபவம் இல்லாதவங்களுக்கு ஆப் புரியாது' என்று பயனர் மேலேயே பழி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் வருகிற இடம் அது.

தனித்தமிழில் துய்ப்பு, பட்டறிவு என்று இரண்டைச் சொல்வார்கள். துய்ப்பு அழகான சொல். 'செல்வத்துப் பயனே ஈதல், துய்ப்பேம் எனினே தப்புந பலவே' என்கிற புறநானூற்று 189-ஆம் பாட்டில் பயனும் துய்ப்பும் பக்கத்துப் பக்கத்திலேயே நிற்கின்றன. ஆனால் துய்ப்பது உண்பதும் மகிழ்வதும். சிவந்த திரையை யாரும் துய்ப்பதில்லை. பட்டறிவோ, பட்டு முடித்தபின் மிஞ்சுகிற அறிவு. நமக்கு வேண்டியது அறிவு வருமுன் நடக்கும் அந்தப் 'படுதல்'.

அந்தப் 'படு' ஏற்கெனவே நம் சொல்லுக்குள் இருக்கிறது: பயன்படு, பயன்பாடு. சந்தோஷப்படவும் பயப்படவும் அதே வினைதான் வருகிறது. 'படாத பாடு பட்டேன்' என்பதும் அதிலிருந்துதான். வேரில் பார்த்தால் எக்ஸ்பீரியன்ஸைவிட ஆழமான சொல் நம்மிடம் உண்டு. ஆனாலும் எழுத்தில் பயனர் அனுபவம் என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். ஊன்றிவிட்டது, படிப்பவருக்குத் தடுக்காது.

யூஐ என்பதோடு மட்டும் குழப்ப வேண்டாம். அது பயனர் இடைமுகம். ஏற்காடு மலைப்பாதையில் பலகையும் அதிலுள்ள எழுத்தும் இடைமுகம். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, இப்போது எத்தனையாவது என்று எண்ணைப் பார்த்து, குமட்டலோடு மடியில் கிடக்கும் பிள்ளையிடம் "இன்னும் நாலுதாண்டா கண்ணு" என்று அம்மா சொல்ல முடிகிறதே, அது அனுபவம்.

தமிழில் இந்த வேலைக்குத் தனிச் சிக்கல் ஒன்று. முதலில் ஆங்கிலத்தில் திரை வரைந்து, கடைசியில் தமிழை ஊற்றுகிறார்கள். செட்டிங்ஸுக்கு அளந்த பொத்தானில் 'அமைப்புகள்' பிதுங்குகிறது. நெருக்கிய வரிகளில் கொம்பும் சுழியும் வெட்டுப்படுகின்றன. தமிழை முதலில் எழுதிப் பார்த்துவிட்டு வரைந்தால் பாதித் தொல்லை குறையும்.

பட்டறை ஆப்பில் இப்போது கட்டத்தின் பெயர் 'எத்தனை ஜோடி'. பொத்தான், 'கணக்கில் ஏற்று'. என் நோட்டில் 'பாடு' என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். கடைசியாக எழுதியது: கொலுசு கழுவிய ஈரக் கை, திரை விரலை எடுக்கவில்லை, முந்தானையில் துடைத்துத் துடைத்து மூன்று முறை.