கலக்கக் கலக்க ஒரு பக்கம் சாயும் படிகங்கள்

பென்னு குறுங்கோளிலிருந்து நாசா எடுத்துவந்த மண்ணில், புரதங்களின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களின் இடக்கை வகையும் வலக்கை வகையும் ஏறக்குறைய சமமாக இருந்தன என்ற செய்தி 2025 ஜனவரியில் வெளியானது. அதைப் படித்த வாசகர் ஒருவர், “அப்படியானால் நம் உடலில் மட்டும் ஏன் இடக்கை வகை?” என்று கேட்டிருக்கிறார். கேட்கவேண்டிய கேள்வி. 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் சில அமினோ அமிலங்கள் இடக்கைப் பக்கம் மிகுந்திருந்தன. எனவே விண்வெளியிலிருந்தே அந்தச் சாய்வு வந்திருக்கும் எனப் பலர் நம்பினார்கள். பென்னு அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது.

ஒரு கார்பன் அணுவோடு நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்தால் அந்த மூலக்கூறு இரண்டு வடிவங்களில் அமையலாம். இடது கையுறையும் வலது கையுறையும் போல அவை ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்கள். ஆய்வகத்தில் சாதாரணமாகத் தயாரித்தால் இரண்டும் பாதிக்குப் பாதி கிடைக்கும். உயிரினங்களோ புரதங்களுக்கு இடக்கை அமினோ அமிலங்களையும், டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டுக்கும் வலக்கைச் சர்க்கரையையும் எடுத்துக்கொள்கின்றன.

இந்தப் ‘பாதிக்குப் பாதி’ ஒருபோதும் துல்லியமாக இருப்பதில்லை. லட்சம் கோடி மூலக்கூறுகள் உருவானால், வெறும் தற்செயலாலேயே ஒரு கை மற்றதைவிடப் பத்து லட்சம் அளவுக்குக் கூடியிருக்கும். விகிதத்தில் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒவ்வொரு கையும் தன் வகையைப் பெருக்கி, எதிர் வகையைத் தடுத்தால், இந்த அற்ப வித்தியாசமே முழு வெற்றியாக வளரும் என்று 1953இல் பிரிஸ்டலைச் சேர்ந்த இயற்பியலாளர் சார்ல்ஸ் ஃபிராங்க் கணக்குப்போட்டுக் காட்டினார்.

அந்தக் கணக்கின் சாரத்தைக் கண்ணால் காட்டும் பொருள் சோடியம் குளோரேட் என்ற உப்பு. நீரில் கரைந்திருக்கும்போது அதற்குக் கை கிடையாது. படிகமாகும்போது அயனிகள் அடுக்கிக்கொள்ளும் விதத்தில்தான் இடமும் வலமும் பிறக்கின்றன. ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் முனைவாக்கும் தகடுகள் இரண்டுக்கு நடுவே படிகங்களை வைத்து, ஒரு தகட்டைச் சற்றுத் திருப்பினால் ஒரு வகை இருளும், மற்றது வெளுக்கும். எதிர்ப்பக்கம் திருப்பினால் அப்படியே தலைகீழ்.

அசையாத கரைசலிலிருந்து இரு வகையும் கலந்தே படிகின்றன. 1990இல் வேதியியலாளர் திலீப் கொண்டேபூடியும் அவருடைய சகாக்களும் கரைசலைக் கலக்கிக்கொண்டே படியவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ எல்லாப் படிகங்களும் ஒரே கை! எந்தக் கை என்பது முறைக்கு முறை மாறியது. முதலில் பிறந்த படிகத்தைக் கலக்கும் கோல் மோதிச் சிதறடிக்கிறது. ஒவ்வொரு துணுக்கும் அதே கையுள்ள புதிய வித்தாகிறது. அவை கரைசலை உறிஞ்சி வளர்வதால் செறிவு குறைந்து, வேறொரு படிகம் தனியாகப் பிறக்க வழியே இல்லாமல் போகிறது.

2005இல் மாட்ரிட்டைச் சேர்ந்த கிறிஸ்டோபால் வியெத்மா செய்ததுதான் என்னை மயக்கிய சோதனை. இரு கைப் படிகங்களும் நிறைந்த கரைசலில் கண்ணாடிக் குண்டுகளைப் போட்டுச் சுழற்றிக்கொண்டே இருந்தார். முடிவில் எல்லாம் ஒரே கையாகிவிட்டன. குண்டுகள் படிகங்களைப் பொடியாக்குகின்றன. மிக நுண்ணிய பொடி எளிதில் கரைந்து தன் கையை இழக்கிறது; கரைந்தது பெரிய படிகங்களில் போய்ச் சேர்கிறது. முழுதும் கரைவதற்குள், கை மாறாத சிறு துணுக்குகள் தம் வகைப் படிகத்தில் ஒட்டிக்கொள்ளவும் செய்கின்றன. மிகுந்திருக்கும் வகைத் துணுக்குக்குத் துணை சீக்கிரம் கிடைத்துவிடும். குறைந்த வகைத் துணுக்கோ துணை தேடுவதற்குள் கரைந்துபோய், எதிர்க்கட்சிக்கு உணவாகிறது. இந்தச் சுற்று திரும்பத் திரும்ப நடக்கிறது, சிறுபான்மை அடியோடு தீரும்வரை.

கண்ணாடிக் குண்டும் உப்பும் வைத்துச் செய்த ஆய்வு இது. “இதனால் என்ன பயன்?” என்று தொடக்கத்திலேயே கேட்கும் நிதிக்குழுக்களிடம் இது தேறியிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். சில ஆண்டுகளிலேயே நாப்ராக்சன் என்ற வலிநிவாரணியின் தேவையான கையை மட்டும் பெற இதே அரைப்புமுறை கைகொடுத்தது. பயன் தெரியாத கேள்விகளுக்கும் பணம் ஒதுக்கத்தான் வேண்டும்.

உயிரின் கதையை இது அப்படியே சொல்லிவிடாது. பெரும்பாலான அமினோ அமிலங்கள் தனித்தனிக் கையாகப் படியாமல், இரண்டும் ஒரே படிகத்துக்குள் ஜோடி சேர்ந்துவிடும். ஆனால் தானே கூடிக் கட்டமையும் மூலக்கூறுகளில் ஃபிராங்க் சொன்ன தடை வெளிப்படையாகத் தெரிகிறது. இடக்கை அமினோ அமிலங்கள் தொடர்ந்து கோத்தால் ஆல்ஃபா சுருள் என்ற, வலப்புறம் முறுக்கிய புரத வடிவம் அமைகிறது. நடுவே ஒரு வலக்கை அமிலம் புகுந்தால் சுருள் அந்த இடத்தில் தளர்கிறது. ஆர்.என்.ஏ. அலகுகள், வார்ப்பச்சுபோல் உதவும் மற்றோர் இழையின்மேல் தாமாகக் கோத்துக்கொள்ளும்போது, எதிர்க்கை அலகு வந்து ஒட்டினால் இழை அங்கேயே நின்றுவிடுகிறது என்று உயிர்வேதியியலாளர் ஜெரால்ட் ஜாய்ஸ் குழுவினர் 1984இல் கண்டார்கள். எனவே ஒரே கை கொண்ட கலவையில்தான் நீண்ட இழைகள் வளர முடியும். உயிர் தோன்றுமுன்பே ஒரு கை வென்றுவிட்டதா, நீண்ட இழைகள் பெருகப் பெருக மற்ற கை தோற்றதா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் பிரிந்தே நிற்கிறார்கள். என் சாய்வு இரண்டாவது பக்கம். எந்தக் கை என்பதைத் தற்செயலே தீர்மானித்தது என்றும் நினைக்கிறேன்.