கிருமியே வளராத கிருமித் தொற்று

நிபோங் திபாலிலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு வயது 46. பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை. ஒரு பேரங்காடிப் பையை என் மேசையில் வைத்தவர் உட்காரக்கூட இல்லை. "டாய்லெட் எங்க இருக்கு டாக்டர்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் பைக்குள் இருந்த தாள்களைத் தேதி வாரியாக அடுக்கினேன். ஒன்றரை வருடத்தில் ஏழு சிறுநீர்க் கல்ச்சர் ரிப்போர்ட் (சிறுநீரை லேப்பில் தட்டில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது). ஏழிலும் சொல்லிவைத்தாற்போல ஒரே விஷயம்: வெள்ளணுக்கள் அதிகம்; கிருமி வளரவில்லை. ஆனாலும் ஏழு தடவையும் "யூரின் இன்ஃபெக்‌ஷன்" என்று சொல்லி ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்கள்.

(இங்கே வரும் நோயாளிகளின் வயது, ஊர், தொழில் எல்லாவற்றையும் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்.)

திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் குறை, பாலம். பத்து காவானில் ஏறி பத்து மாவுங்கில் இறங்கும் பினாங்கின் இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர் நீளம். நடுவில் நிறுத்த இடம் கிடையாது. "ஏறுறதுக்கு முன்னாடி பெட்ரோல் ஸ்டேஷன்ல போயிட்டுத்தான் ஏறுவேன். இறங்குறதுக்குள்ள உயிர் போயிடும்." ராத்திரி ஆறு தடவை எழுந்திருக்கிறார். எரிச்சல் இருக்கிறது, காய்ச்சல் இல்லை. எடை நான்கு கிலோ குறைந்திருந்தது. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருப்பதால் எடை குறைவதற்கு அதுதான் காரணம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

சிறுநீரில் வெள்ளணு இருக்கிறது என்றால் உள்ளே ஏதோ ஒரு சண்டை நடக்கிறது என்று அர்த்தம். யாரோடு சண்டை என்பதை அந்த வெள்ளணு சொல்லாது. கல் இருந்தாலும் வரும், ஏற்கெனவே மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் வரும், சில பாலுறவு நோய்களிலும் வரும். சிறுநீர்ப்பையின் உள்தோலில் படர்ந்திருக்கும் புற்றுநோயிலும் வரும். இந்தக் கடைசி விஷயத்தில் நானே சறுக்கியிருக்கிறேன். பல வருடம் புகை பிடித்த ஒரு பெரியவருக்கு மூன்று தடவை ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்துவிட்டு, நான்காவது தடவைதான் கேமரா விட்டுப் பார்த்தேன். சிவப்புத் திட்டுகளாக அங்கேதான் இருந்தது. நல்லவேளை, ஆழமாக இறங்கவில்லை. அன்றிலிருந்து, இரண்டு தடவை "நோ க்ரோத்" (கிருமி வளரவில்லை) என்று வந்தால் மூன்றாவது ஆன்டிபயாடிக் எழுத என் கை வருவதில்லை.

சரி, இந்த அம்மாவுக்கு என்ன? காசநோய். சிறுநீரகத்தில்.

சொன்னதும் அவர் கணவர், "இருமலே இல்லையே டாக்டர்" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. மலாயில் இந்த நோயை மக்கள் "பாதோக் கெரிங்" என்றுதான் சொல்கிறார்கள். வறட்டு இருமல். பெயரிலேயே இருமல் இருந்தால் யார்தான் சிறுநீரகத்தை நினைப்பார்கள்? எப்போதோ நுரையீரலுக்குள் போன கிருமி ரத்தத்தோடு சிறுநீரகத்துக்குப் போய், அங்கே வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். உடம்பு எதிர்ப்புச் சக்தி குறையும் நேரம் பார்த்து எழும். இனிப்பு நீர் அதற்கு ஒரு நல்ல வாய்ப்பு. அப்போது நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் இருக்கும்.

கல்ச்சரில் ஏன் வளரவில்லை என்பதற்கும் காரணம் எளிது. சாதாரண நீர்க்கடுப்பை உண்டாக்கும் ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பெருகும். மறுநாளே தட்டில் தெரிந்துவிடும். காசநோய்க் கிருமிக்கு அதே வேலைக்கு ஏறக்குறைய 20 மணி நேரம் வேண்டும், உணவும் வேறு. லேப்பில் ஓரிரண்டு நாள் பார்த்துவிட்டு "வளரவில்லை" என்று எழுதினால் அது பொய்யில்லை. நாம் கேட்காத கேள்விக்கு லேப் பதில் சொல்லாது, அவ்வளவுதான். "காசநோய்க்கும் பார்க்கவும்" என்று தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நீர்க்கடுப்புக்கு அடிக்கடி எழுதப்படும் குயினலோன் வகை மாத்திரைகள் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும். நாலு நாள் நன்றாக இருக்கும். "மருந்து கேட்கிறது, அப்படியானால் சாதாரணக் கிருமிதான்" என்று நோயாளியும் நம்புவார், டாக்டரும் நம்புவார். இந்த அம்மாவின் ஏழு சீட்டில் மூன்றில் அந்த மாத்திரைதான்.

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர், தொடர்ந்து 3 நாள் கேட்டேன். கிருமி தினமும் வெளியே வராது. ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. முதல் நாள் பாட்டிலில் ஒன்றும் இல்லை. இரண்டாவது நாள் பாட்டிலில் கிருமியின் மரபணு இருப்பதை பிசிஆர் பரிசோதனை காட்டியது. முழுமையான கல்ச்சர் வர எட்டு வாரம் வரை ஆகலாம், அதற்காகக் காத்திருக்கவில்லை. ஸ்கேனில் இடது சிறுநீரகத்துக்குள் சிறுநீர் வந்து சேரும் கிண்ணங்கள் எலி கடித்ததுபோல ஓரம் சிதைந்து கிடந்தன. அங்கிருந்து பைக்கு இறங்கும் சிறுநீர்க்குழாய் ஓர் இடத்தில் நூலாக இறுகியிருந்தது. அளந்து பார்த்தால் சிறுநீர்ப்பை 120 மில்லி பிடித்தது. சாதாரணமாக 400 பிடிக்க வேண்டும்.

மருந்து, நுரையீரல் காசநோய்க்குக் கொடுப்பதுதான்: முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் இரண்டு மருந்து. அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் தாதியின் கண் முன்னால் விழுங்கலாம். ஆனால் சிறுநீரகத்தில் மட்டும் ஒரு தந்திரம் இருக்கிறது. மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் புண் ஆறும், ஆறும்போது தழும்பு சுருங்கும். சுருங்கும் தழும்பு ஏற்கெனவே இறுகிய குழாயை முழுதாக அடைத்துவிடலாம். நோய் போகும், சிறுநீரகமும் கூடவே போகும். அதனால் மருந்து தொடங்கிய வாரத்திலேயே குழாய்க்குள் ஸ்டென்ட், அதாவது வழி அடைபடாமல் காக்கும் மெல்லிய குழல், வைத்தேன்.

அந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டு, ரத்தம் போகிறது என்று விடியற்காலையில் எமர்ஜென்சிக்கு ஓடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அவருடைய பெரிய பயம் மருந்தைப் பற்றியதல்ல, அக்கம்பக்கத்தைப் பற்றியது. காசநோய் என்றால் சுகாதார அமைச்சுக்கு நாங்கள் தெரிவித்தே ஆக வேண்டும். 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் அப்படி. "ஆபீசருங்க வீட்டுக்கு வந்து எல்லாரையும் டெஸ்ட் பண்ணுவாங்களா? கேண்டீன்ல தெரிஞ்சா என்ன ஆகும்?" என்று அழுதார். நுரையீரல் சுத்தமாக இருந்தால் சிறுநீரகக் காசநோய் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பரவாது என்று புரியவைப்பதற்கு ஸ்டென்ட் வைப்பதைவிட அதிக நேரம் ஆனது.

இதே அறிகுறிகளோடு, அதாவது அடிக்கடி போவது, எரிச்சல், ரத்தம், கல்ச்சரில் ஒன்றும் இல்லை, ஒரு 23 வயதுப் பையன் அம்மாவோடு வந்தான். அம்மாதான் பேசினார்: "தண்ணியே குடிக்க மாட்டேங்குறான் டாக்டர், சூடு." அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை போகிறான். இந்த வயதில் இந்த அளவுக்குச் சுருங்கிய பை என்றால் கேட்டே ஆக வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டேன். "கே எடுக்கிறியா?"

கெட்டமின். ஆபரேஷன் தியேட்டரில் மயக்கத்துக்கு நாங்கள் பயன்படுத்தும் நல்ல மருந்துதான். பார்ட்டியில் மூக்கால் இழுக்கும்போது அதன் கழிவுகள் சிறுநீரோடு பைக்கு வந்து உள்தோலை அரிக்கின்றன. இந்தத் தொடர்பை மருத்துவ உலகம் கவனித்து எழுதியது 2007இல்தான். அதற்கு முன் படித்து வந்த டாக்டர்களுக்குப் பாடத்தில் இது கிடையாது. கொடுமை என்னவென்றால், வலிக்கும்போது மறுபடி கெட்டமின் எடுத்தால் வலி குறைகிறது. அதனால் இன்னும் எடுப்பார்கள். ஆரம்பத்திலேயே நிறுத்தினால் பலருக்குப் பை ஓரளவு திரும்பும். தழும்பாகிவிட்டால் குடலை வெட்டி வைத்துப் பையைப் பெரிதாக்க வேண்டிவரும். அதற்குப் பிறகும் எடுத்தால் அந்த ஆபரேஷனும் வீண். பையன் நிறுத்தினான், மறுபடி எடுத்தான், மறுபடி நிறுத்தியிருக்கிறான். அம்மாவிடம் சொல்ல ஒரு மாதம் அவகாசம் கேட்டான், கொடுத்தேன். போலீசுக்குச் சொல்வது என் வேலை இல்லை. அவன் மறுபடி என்னிடம் வருவதுதான் முக்கியம்.

கல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்களில் பலர் கல் வெளியே விழுந்ததும் டாய்லெட்டில் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். ஆயர் ஈத்தாமிலிருந்து வந்த ஓர் இளைஞர் அப்படிச் செய்யவில்லை. 14 வயதில் முதல் கல், 26க்குள் மூன்று ஆபரேஷன். கடைசியாக விழுந்ததை தைலக் குப்பியில் போட்டுக் கொண்டு வந்தார். தேன்மெழுகு மாதிரி மஞ்சள், உள்ளே மினுமினுப்பு. பார்த்ததுமே சந்தேகம். லேப் உறுதி செய்தது: சிஸ்டின். பிறவிக் கோளாறால் சிறுநீரில் அதிகமாகக் கசிந்து கல்லாகும் ஒரு புரதத் துணுக்கு. மைக்ரோஸ்கோப்பில் இதன் படிகம் தேனடையின் அறை போல ஆறு பக்கத்தோடு தெரியும். 1810இல் சிறுநீர்ப்பைக் கல் ஒன்றிலிருந்துதான் இந்தப் பொருளையே வோலஸ்டன் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தார். பை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்தான் அதற்குப் பெயராயிற்று.

"அப்பா அம்மா சொந்தமா?" என்று கேட்டேன். அம்மாவுக்கு அப்பா தாய்மாமன். பெரும்பாலும் இந்த நோய் வர இரண்டு பக்கத்திலிருந்தும் பழுதான மரபணு வர வேண்டும். சொந்தத்தில் கட்டும்போது அது ஒரே பிள்ளையிடம் சந்திக்கும் வாய்ப்பு கூடுகிறது. உடன்பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தங்கையைக் கூட்டி வரச் சொன்னேன். அவருக்கு வலியே இல்லை, ஆனால் வலது சிறுநீரகத்தில் கல் வளர்ந்துகொண்டிருந்தது.

இந்தக் கல் அதிர்வலைக்கு எளிதில் உடையாது. வாழைத்தண்டுச் சாறு கரைத்ததாகவும் நான் பார்த்ததில்லை. குடிப்பதில் கெடுதல் இல்லை, தண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் வைத்தியத்தில் பாதி தண்ணீர்தான்: ஒரு நாளில் 3 லிட்டர் சிறுநீர் போக வேண்டும். பினாங்கு வெயிலில் பாதி வியர்வையாகப் போய்விடும் என்பதால் அதைவிட நிறையவே குடிக்க வேண்டும். ராத்திரி ஒரு தடவை எழுந்தும் குடிக்க வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும், நாசி கண்டாரில் குழம்பு "பஞ்சீர்" (சோறு மூழ்கும் அளவுக்கு) கேட்பதையும் சேர்த்துத்தான். சிறுநீரின் அமிலத்தைக் குறைக்கப் பொட்டாசியம் சிட்ரேட். அதுவும் போதாவிட்டால் வேறு மருந்து இருக்கிறது. பன்னிரண்டு வருடம் முன்பே ஒரு கல்லைச் சோதித்திருந்தால் அந்தப் பையனுக்கு மூன்று ஆபரேஷனும் தேவைப்பட்டிருக்காது என்று சொல்ல மாட்டேன். ஒன்றாவது குறைந்திருக்கும்.

பால் மாதிரி சிறுநீர் போகிறது என்று வந்த தஞ்சாவூர்க்காரர் ஒருவர், இங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்ப்பவர், ஆறு மாதமாக லேகியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "தாது போகுது" என்று ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆட்டுக்கறி சாப்பிட்ட மறுநாள் அதிகம் என்றார், அதுதான் துப்பு. யானைக்கால் நோயின் புழு நிணநீர்க் குழாய்களை அடைத்து, அவை சிறுநீர் வழியோடு உடைந்து சேர்ந்துகொண்டால் சாப்பிட்ட கொழுப்பு அப்படியே சிறுநீரில் இறங்கும். மலேசியாவில் அதிகம் பரவும் புழு வேறு இனம், பெரும்பாலும் காலோடு நிற்கும். அதனால் இங்கே இது அபூர்வம். பாட்டிலில் கொழுப்பைக் கரைக்கும் ஈதர் கொஞ்சம் விட்டுக் குலுக்கினோம், பால் தெளிந்தது. கொழுப்பைக் குறைத்தும், சிறுநீரகத்துக்குள் மருந்து ஏற்றியும் சரியாயிற்று. அவருக்கு நோய் போனதைவிட, அது தாது இல்லை என்று தெரிந்ததில்தான் நிம்மதி. அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருந்தார்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், பை கசங்கியிருந்தாலும் பரவாயில்லை. விழுந்த கல்லை வைத்திருங்கள். 2 வெள்ளிக் கடையில் ஓர் அளவுக் குவளை வாங்கி, மூன்று நாள் எத்தனை மணிக்கு எவ்வளவு போனது என்று எழுதி வையுங்கள். ஸ்கேனைவிட அது சில நேரம் அதிகம் சொல்லும். வலியில்லாமல் ரத்தம் போனால், ஒரு தடவைதான் போனது, நின்றுவிட்டது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

நிபோங் திபால் அம்மா மகளின் பள்ளி நோட்டுப் புத்தகத்தில் அப்படி எழுதி வந்தார். மருந்து முடிந்த மாதம் அதைப் புரட்டினேன். இடது சிறுநீரகம் முழுதாகத் திரும்பவில்லை, பை 300 மில்லி பிடிக்கிறது. அன்றைய பக்கத்தில், அளவுக்கான கட்டத்தைக் காலியாக விட்டு, "9.10 பாலம் ஏறினேன். 9.32 இறங்கினேன்" என்று இருந்தது. ஸ்டென்டை எடுக்கத் தேதி குறித்துக் கொடுத்தேன்.