ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஒரு தர்பூசணி

தைப்பூசத்தன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வெயில் எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காவடி இறக்கி வைத்தவர்களுக்குக் கோயில் பின்கட்டில் தர்பூசணி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சாட்ஸ்வர்த் பகுதியில் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த அக்கா ஒருவர், தட்டை நீட்டியதும் கையை இழுத்துக்கொண்டார்.

“எனக்கு வேணாம் தம்பி. ரத்தத்துல சிட்ருலின் கோளாறுன்னு எழுதியிருக்கு. மக போன்ல தேடிப் பார்த்தா. அது தர்பூசணியில இருக்கிற சத்தாமே? நான்தான் இந்த சீசன் முழுக்க அதையே தின்னுக்கிட்டிருந்தேன்.”

போனில் இருந்த சீட்டைக் காட்டினார். ‘ஆன்டி-சிசிபி: பாசிட்டிவ்’. அந்த ‘சிசிபி’யில் ஒரு ‘சி’தான் சிட்ருலின். கையின் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. ஆனால் கையைப் பார்த்தாலே போதும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்ளங்கையோடு சேரும் முட்டிகள் இரண்டும் பள்ளம் தெரியாமல் மொழுமொழுவென்று இருந்தன. கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்தார். காலையில் எழுந்தால் ஒன்பது மணி வரை பாவாடை நாடா முடிய முடியவில்லை என்றார்.

தர்பூசணி தாராளமாகச் சாப்பிடலாம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லித் தட்டைக் கையில் கொடுத்தேன். ஆனால் அக்கா கேட்டது நல்ல கேள்வி. ஒரு பழத்தின் பெயர் மூட்டு நோய்க்கான ரத்தப் பரிசோதனையில் எப்படி வந்து உட்கார்ந்தது? அன்று அந்தக் கூட்டத்தில் நின்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாடு. வயதாகி, எடை கூடி, முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்து வருவது மூட்டுத் தேய்மானம். அக்காவுக்கு வந்திருப்பது முடக்கு வாதம். உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடித்து, கவனிக்காமல் விட்டால் எலும்பையே அரிக்கிறது. பெரும்பாலும் இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி, சின்ன மூட்டுகளில் தொடங்கும். ஓய்வுக்குப் பிறகுதான் இறுக்கம் அதிகம். அதனால்தான் காலை நேரம் அவ்வளவு கொடுமை.

சரி, தர்பூசணிக்கு வருவோம். 1914இல் ஜப்பானில் தர்பூசணிச் சாற்றிலிருந்து ஓர் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1930இல் மிட்சுனோரி வாடா என்பவர் அதன் அமைப்பைக் கண்டறிந்து, தர்பூசணியின் தாவரப் பெயரான ‘சிட்ருல்லஸ்’ என்பதிலிருந்து ‘சிட்ருலின்’ என்று பெயரிட்டார். சிட்ருல்லஸ் இனம் நம் ஊர்க்காரர்தான். கலஹாரியில் சான் மக்கள் தண்ணீருக்காக நம்பியிருந்த சம்மா காய் அதே குடும்பம். சிட்ருலின் நம் கல்லீரலிலும் நாள் முழுக்க உண்டாகிறது. யூரியா தயாராகும் வழியில் அது ஒரு படி. ஆக, தனியாக மிதக்கும் சிட்ருலினால் ஒரு கெடுதலும் இல்லை. பிரச்சினை, அது ஒரு புரதத்துக்குள் இருக்கும்போது.

பள்ளியில் படித்திருப்பீர்கள்: டிஎன்ஏ-வில் உள்ள குறிப்பைப் படித்து, 20 அமினோ அமிலங்களைக் கோத்து உடம்பு புரதம் செய்கிறது. அந்த இருபதில் சிட்ருலின் கிடையாது. அதற்கு மரபணுவில் குறியீடே இல்லை. அப்படியென்றால் ஒரு புரதத்தில் சிட்ருலின் தென்பட்டால், புரதம் செய்து முடித்த பிறகு யாரோ அதில் கை வைத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

அந்தக் கை ‘பேடு’ என்ற நொதியினுடையது. புரதத்தில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைத் தேடிப் போய், அதன் வால் நுனியிலிருந்து ஒரு நைட்ரஜன் கூட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் ஆக்சிஜனை வைக்கிறது. அவ்வளவுதான், ஆர்ஜினின் சிட்ருலின் ஆகிவிட்டது. எடையில் வந்த மாற்றம் ஏறத்தாழ ஒரு ஹைட்ரஜன் அணு அளவு. தராசில் வைத்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஆர்ஜினினின் வாலில் ஒரு நேர்மின்னூட்டம் இருந்தது. அது போய்விட்டது.

தமிழில் எழுதத் தெரிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். ‘பல்’ என்று எழுதிப் புள்ளியை அழித்துவிடுங்கள். ‘பல’ ஆகிவிடும். மை செலவு ஒரு துளிகூட இல்லை, வார்த்தையே வேறு. ஆர்ஜினினிடமிருந்து பேடு எடுப்பது அந்தப் புள்ளியைத்தான். எதிர்மின்னூட்டம் உள்ள பக்கத்து அமிலங்களைப் பிடித்து வைத்திருந்த கை தளர்ந்து, புரதத்தின் மடிப்பு நெகிழ்கிறது.

இது நோயாளிகளின் உடம்பில் மட்டும் நடப்பதல்ல. தோலின் மேல் அடுக்கு உறுதியாவதற்கும் மயிர்க்கால் வளர்வதற்கும் பேடு வேண்டும். உங்களுக்கும் எனக்கும் இந்த நிமிடம் அது வேலை செய்துகொண்டிருக்கிறது. அப்புறம் ஏன் சிலருக்கு மட்டும் இது வினையாகிறது? இந்த இடம்தான் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காதது.

நம் செல்களின் மேல் எச்எல்ஏ என்ற புரதங்கள் உண்டு. உடைந்த புரதத் துணுக்குகளை ஏந்தி, “இதைப் பார், இது நம்முடையதா, வெளியாளா?” என்று காவல் செல்களுக்குக் காட்டுவது அவற்றின் வேலை. எச்எல்ஏ-வின் மேல்புறத்தைப் பல்லாங்குழிப் பலகையாக நினைத்துக்கொள்ளுங்கள். நீளமான பள்ளம், அதில் சில குழிகள். துணுக்கில் உள்ள சில அமினோ அமிலங்கள் சோழி மாதிரி அதனதன் குழியில் உட்கார்ந்தால்தான் துணுக்கு பலகையில் தங்கும். இல்லாவிட்டால் நழுவி விழும். யாரும் பார்க்க மாட்டார்கள்.

இந்தப் பலகை ஆளுக்கு ஆள் வேறு, பெற்றோரிடமிருந்து வருவது. சில வகைப் பலகைகளில் நான்காவது குழியின் ஓரத்தில் நேர்மின்னூட்டம் இருக்கிறது. ஆர்ஜினினும் நேர்மின்னூட்டம். காந்தத்தின் ஒரே முனைகளைப் போல இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். ஆகவே அந்த வகைப் பலகை உள்ளவர்களுக்கு ஆர்ஜினின் உள்ள துணுக்கு அந்தக் குழியில் உட்காராது, காவல் செல்களின் கண்ணிலும் படாது. இப்போது பேடு வந்து புள்ளியை அழிக்கிறது. ஆர்ஜினின் சிட்ருலின் ஆகிறது. தள்ளுவதற்கு மின்னூட்டம் இல்லை. சோழி மெதுவாகக் குழியில் இறங்கிப் பொருந்திவிடுகிறது. அதுவரை காட்டப்படாத ஒன்று காட்டப்படுகிறது. காவல் செல்கள் அதை வெளியாள் என்று முடிவு செய்கின்றன, அதைத் தாக்க எதிர்ப்பொருள் என்ற புரதம் தயாராகிறது. 2013இல் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் சிட்ருலின் அந்தக் குழியில் உட்கார்ந்திருப்பதைப் படிக வடிவில் காட்டினார்கள். அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மின்னூட்டம்! இதே நோய் வந்த என் ஆயாவின் கையைக் கோணலாக்கியது அதுதானா என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது.

இந்த எதிர்ப்பொருளை 1964இலேயே பார்த்துவிட்டார்கள். நெதர்லாந்தில் நீன்ஹுயிஸ், மான்டெமா என்ற இருவர், கன்னத்தின் உட்புறம் சுரண்டி எடுத்த செல்களின் மேல் நோயாளிகளின் ரத்தத்தை இட்டார்கள். செல்லின் நடுவைச் சுற்றி ஏதோ ஒட்டியது. எதன் மேல் ஒட்டுகிறது என்று தெரியவில்லை. அது சிட்ருலின் என்று தெரிய 1998 வரை ஆனது. இப்போது ஆய்வகத்தில் சிட்ருலின் உள்ள சிறு துணுக்கை வளையமாக்கித் தூண்டில் இரைபோல வைக்கிறார்கள். அதைக் கவ்வும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தால் பாசிட்டிவ். அக்காவின் சீட்டில் தர்பூசணி வந்த வழி இதுதான்.

எக்ஸ்ரே சுத்தமாக இருக்க ரத்தம் மட்டும் ஏன் முந்திக்கொண்டது? 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பின்னாளில் முடக்கு வாதம் வந்த 79 பேர் அதற்கு முன்பு ரத்த தானம் செய்திருந்ததைப் பிடித்து, சேமித்து வைத்திருந்த ரத்தத்தைச் சோதித்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேரிடம் வலி தொடங்கும் முன்பே இந்த எதிர்ப்பொருளோ, முடக்கு வாதத்தில் காணப்படும் இன்னொரு எதிர்ப்பொருளோ, இரண்டுமோ இருந்தன. சராசரியாகப் பார்த்தால் நாலரை ஆண்டு முன்பே. விரல் வீங்கும் நாள், இந்த நோயின் முதல் நாள் அல்ல.

பேடு எங்கே மிதமிஞ்சி வேலை செய்கிறது? ஓர் இடம் நுரையீரல், காரணம் புகை. 2006இல் ஸ்வீடனில் வந்த கணக்கு: அந்தப் பலகை தாய் தந்தை இருவரிடமிருந்தும் கிடைத்து, புகையும் பிடிப்பவருக்கு இந்த எதிர்ப்பொருளோடு கூடிய வாதம் வரும் வாய்ப்பு, இரண்டும் இல்லாதவரைவிட 21 மடங்கு. இன்னொரு இடம் பல் ஈறு. ஈறு அழுகலை உண்டாக்கும் ஒரு பாக்டீரியா தன்னிடமே ஒரு பேடு நொதியை வைத்திருக்கிறது.

இதில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1975இல் ட்ஸ்வானா கிராமத்து மக்களிடையே தேடியபோது முடக்கு வாதம் 0.12 சதவீதம்தான். அதே ஆண்டு சொவெட்டோ நகர்ப்புறத்தில் 0.9 சதவீதம். கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்ததில் என்ன மாறியது என்ற கேள்வியை உலகத்தின் முன் வைத்தவை அந்த ஆய்வுகள். பீட்டர் பெய்ட்டனும் லூயி சாலமனும் அதில் முன்னோடிகள். 1994இல் டர்பனில் கிரீஷ் மோடியும் ஹாமண்டும் சேர்ந்து, இந்திய வம்சாவளி மக்களிடையேகூட இந்த நோய்க்கும் எச்எல்ஏ வகைக்கும் உள்ள தொடர்பு சமூகத்துக்குச் சமூகம் வேறுபடுகிறது என்று காட்டினார்கள். கப்பலேறி வந்த நம் முன்னோர் கொண்டுவந்த பலகைகள் பல தினுசு.

இப்படி ஆராயும் ஒருவர் உருவாக எவ்வளவு காலம் ஆகிறது தெரியுமா? மருத்துவப் படிப்பு ஆறு ஆண்டு, பயிற்சி இரண்டு, சமூகச் சேவை ஒன்று, பொது மருத்துவச் சிறப்புப் படிப்பு நான்கு, அதன் பிறகு வாத நோய்க்கென்று இரண்டு. பள்ளி முடித்துப் பதினைந்து ஆண்டு. அதன் பின்னும் காலையில் நோயாளியின் முட்டிகளை ஒவ்வொன்றாக அமுக்கி எண்ணி, மாலையில் ரத்தக் குழாய்களோடு உட்கார வேண்டும். இந்த நாட்டில் இவர்கள் மிகச் சிலரே. காசநோய்க்கும் எச்ஐவிக்கும் போகும் பணத்தை நான் குறை சொல்லவில்லை, அது உயிர் காக்கும் பணம். ஆனால் ஆளை உடனே கொல்லாத நோய் என்பதால் மூட்டு நோய் எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்கிறது. நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் வடகோடியில் உள்ள ம்செலேனியில், மக்களின் இடுப்பு மூட்டை முடக்கும் ஒரு தனி நோயைப் பற்றி 1970இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். காரணம் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. நடக்க முடியாமல் போவது சின்ன விஷயமா?

என் ஆயா சட்டை தைக்கும் பேக்டரியில் வேலை பார்த்தார். 43 வயதில் கை வீங்கியது. போன இடத்தில் “வேலை அதிகம், தேய்மானம்” என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். செய்வினை என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள், கயிறு கட்டினார்கள். அப்புறம் ஒருவர் பெயர் ஒட்டாத பொட்டலத்தில் ‘மூலிகை’ மாத்திரை கொண்டுவந்தார். இரண்டே நாளில் வலி பறந்தது. சில மாதத்தில் முகம் பூரித்துப் போனது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்று பின்னால் ஒரு டாக்டர் சொன்னார். சரியான மருந்து கிடைப்பதற்குள் விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்துவிட்டன. சேலைக் கொசுவம் மடிக்க என் அம்மாவைக் கூப்பிடுவார். பெயர் இல்லாத மாத்திரையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது இதனால்தான்.

இன்று முதல் மருந்து மெத்தோட்ரெக்சேட். விலை குறைவு, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து, இதை அழுத்திச் சொல்கிறேன். இந்த வகை மருந்துகள் பிறந்தது, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழுவில். அதற்கு அடங்காதவர்களுக்கு ஊசி மருந்துகள் உண்டு, விலைதான் எட்டாது. அவற்றில் பலவற்றைத் தொடங்கும் முன் உடம்பில் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று இங்கே கட்டாயம் பார்ப்பார்கள். இந்த எதிர்ப்பொருளும் வலியும் மட்டும் இருந்து வீக்கம் வராதவர்களுக்கே முன்கூட்டி மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு 2024இல் வந்தது. அபாட்டசெப்ட் என்ற ஊசி மருந்தை எடுத்தவர்களில் ஓராண்டில் 6 சதவீதத்தினருக்கே நோய் வந்தது, வெற்று ஊசி போட்டவர்களில் 29 சதவீதம். ஊசியை நிறுத்தி இன்னும் ஓராண்டு போனதும் இடைவெளி குறைந்து 25க்கு 37 ஆனது. சோழியைக் குழியிலிருந்து நிரந்தரமாக எடுக்கும் வழிக்கு இன்னும் வேலை இருக்கிறது.

அக்கா போன வாரம் போன் செய்தார். வெள்ளிக்கிழமை மாத்திரை தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. காலை இறுக்கம் ஏழு மணிக்கே விட்டுவிடுகிறதாம். மோதிரம் இன்னும் சங்கிலியில்தான். மகன் சிகரெட்டை விட்டுவிட்டானா என்று கேட்டேன். பாதியாகக் குறைத்திருக்கிறான், அந்த 21 கணக்கை அவனிடம் இன்னொரு தடவை நீங்களே சொல்லுங்கள் என்று போனை அவன் கையில் கொடுத்தார்.